டிஸ்க் கோல்ஃப்: எல்லா ஹோலும் பார் 3 என்ற கணக்கு எப்போது மாறியது?

யீஷூன்_வீச்சு:
இங்கே டிஸ்க் கோல்ஃப் (தட்டு போன்ற டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் ஆட்டம், ஒவ்வொரு கூடையும் ஒரு ஹோல்) ஆடுகிற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள். பழைய ஆட்டக்காரர்களிடம் பேசினால் 18 ஹோலுக்கு பார் (முடிக்க எதிர்பார்க்கிற வீச்சு எண்ணிக்கை) 54, எல்லாமே 3 என்கிறார்கள். யூடியூபில் புரோ டூர் பார்த்தால் பார் 4, பார் 5 சர்வசாதாரணம், அப்படியும் ஒரே ரவுண்டில் மைனஸ் 10க்கு மேல், அதாவது பாரைவிடப் பத்து வீச்சுக்கு மேல் குறைவாகப் போகிறார்கள். பாரைத் தாராளமாக ஏற்றிவிட்டார்களா, இல்லை ஆட்டமே தேறிவிட்டதா?

தேக்கா_சீனியர்:
இரண்டும்தான் தம்பி. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர கோர்ஸைப் போட்டபோது கையில் இருந்தது கடற்கரையில் வீசுகிற ஃபிரிஸ்பி, ஹோல்களும் குட்டை. ஒரு வீச்சில் பக்கத்தில் போய் இரண்டில் முடித்தால் 3, அவ்வளவுதான் கணக்கு. 1983இல் விளிம்பைச் சரிவாகச் சீவிய இன்னோவா ஈகிள் என்ற டிஸ்க் வந்தது, அப்புறம் டிஸ்க் எங்கேயோ போய் விழ ஆரம்பித்தது, ஹோலையும் நீட்டிக்கொண்டே போனார்கள். நீட்டிய ஹோலுக்கும் 3 என்று பலகை வைத்தால் யாருக்கு லாபம்? ஆனால் நண்பர்களோடு ஆடும்போது நான் இன்னும் எல்லாவற்றையும் 3 என்றுதான் எண்ணுகிறேன். 5 எடுத்தால் பிளஸ் 2, தாளும் பேனாவும் வேண்டாம்.

பெடோக்_அக்கா:
டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கிற சங்கமான பிடிஜிஏ சொல்கிற பார், சாதாரண வானிலையில் தேர்ந்த ஆட்டக்காரர் பிழையில்லாமல் ஆடினால் எத்தனை எடுப்பாரோ அது. சிக்கல் பட்டிங்கில்தான், அதாவது கடைசியில் பக்கத்திலிருந்து போடுகிற வீச்சில். கோல்ஃபில் குழியைச் சுற்றியுள்ள கிரீனுக்கு வந்தபின் இரண்டு பட் என்று பாருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் கூடைக்குப் பக்கத்தில் இரண்டு வீச்சு கொடுத்தால், கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்குள் பெரிய ஆட்டக்காரர்கள் தவறவிடுவதே அபூர்வம், ஆக ஹோலுக்கு ஒரு வீச்சு இனாம். 2018 கிரேட் லேக்ஸ் ஓப்பனில் புரோ ஆட்டக்காரர் பால் மெக்பெத் ஒரே ரவுண்டில் 18 அண்டர் (மைனஸ் 18) அடித்தார், சராசரியாக ஹோலுக்கு ஒன்று! அதனால் பாரைக் குறை என்று ஒரு கூட்டம் கத்துகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகையில் எண்ணை மாற்றினால் ஆட்டம் கஷ்டமாகிவிடுமா? மரத்தையும் எல்லைக் கோட்டையும் சரியான இடத்தில் வையுங்கள், மைனஸ் தானாகக் குறையும்.

யீஷூன்_வீச்சு:
அப்படியென்றால் பார் எத்தனை என்று போட்டாலும் ஜெயிக்கிறவர் மாறப்போவதில்லையா அக்கா?

பெடோக்_அக்கா:
மாறாது. மொத்த வீச்சுதான் கணக்கு. 2024இல் மூடின நம் சிங்கப்பூர் மரீனா பே கோல்ஃப் மைதானத்தில் பார் 6 ஒன்று இருந்ததே, அதை 5 என்று போட்டிருந்தாலும் அடிக்கிற அடி அதேதான்.

தேக்கா_சீனியர்:
ஒரே இடத்தில் மட்டும் கடிக்கும். போட்டிக்குத் தாமதமாகப் போனால் தவறிய ஒவ்வொரு ஹோலுக்கும் பாரோடு 4 சேர்த்து எழுதுவார்கள். பார் 3 ஹோல் போனால் 7, பார் 5 போனால் 9. பஸ் வரவில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்க்காதே தம்பி.