பசிபிக் டிரைவ்: மிட் ஜோன் போறதுக்கு முன்னாடி கார்ல எத முதல்ல மாத்துறது?

மழை_வண்டி:
பசிபிக் டிரைவ் ஆடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? 2024ல வந்த கேம் தான், ஆபத்தான ஒரு ஜோனுக்குள்ள பழைய கார ஓட்டிட்டுப் போய் சாமான் சேத்துட்டு உயிரோட கராஜுக்குத் திரும்பணும். நான் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். வெளிவட்டமான அவுட்டர் ஜோன் ஓரளவு சுத்தியாச்சு, அடுத்தது இன்னும் உள்ள இருக்கிற மிட் ஜோன், ஆனா கதவு பானெட் பம்பர் எல்லாமே இன்னும் குரூட் பார்ட்ஸ் (ஆரம்பத்துல கிடைக்கிற மட்டமான பாகங்க) தான். ஜோன்ல சேக்குற ஸ்டேபிள் எனர்ஜி கொஞ்சம் இருக்கு, அத வச்சு எல்லா புளூபிரிண்ட்டையும் (புதுப் பாகம் செய்யுற வரைபடம்) திறக்க முடியாது. ஸ்டீல் பேனல் போடவா, டயர் மாத்தவா, இல்ல ராக் மாட்டி சாமான் வைக்க இடம் பண்ணவா? ஒவ்வொரு தடவையும் வண்டி நொறுங்கிப் போய்தான் கராஜுக்கு வந்து சேருது.

பழைய_ஸ்டீயரிங்:
ப்ரோ, முதல்ல இடம். ஏன்னு சொல்றேன், ஸ்டீல் பேனல் செய்யணும்னாலும் அதுக்கு சாமான் அள்ளிட்டு வரணும்ல, டிக்கி நிறைஞ்சதும் நல்ல பொருள பாத்துட்டே விட்டுட்டு வர வேண்டியிருக்கும். சைடு ராக் போட்டு ஸ்டோரேஜ் மாட்டிக்கோங்க, அப்புறம் ரூஃப். அதோட ரிப்பேர் புட்டி ரெண்டு மூணு, டயருக்கு சீலிங் கிட் ஒண்ணு எப்பவும் கையில இருக்கணும். கராஜுக்குத் திரும்புற வாசலான கேட்வே திறந்துட்டு புயல் சுருங்கி வர்ற நேரத்துல டயர் பஞ்சர்னா கீழ இறங்கி அத ஒட்டுற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கே, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அங்க மாட்டிக்கிட்டா அள்ளுனது எல்லாம் போச்சு.

நாலு_கதவு:
இடம் முக்கியம்தான் அண்ணா, ஆனா மிட் ஜோன்னா பேனல்தான் முதல்ல. அதுவும் ஸ்டீல்னு ஒரே வகைய சுத்திப் போட்டுட்டு கிளம்புறதுல பிரயோஜனம் ரொம்ப இல்ல. கரண்ட் அடிக்கிற இடத்துக்கு இன்சுலேட்டட், ரேடியேஷனுக்கு லெட் பிளேட்டட், ஆசிட் இருந்தா அரிப்பத் தாங்குறதுன்னு தனித்தனியா இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி மேப்ல அந்த ஜங்ஷன்ல (நீங்க போற பகுதி) என்ன கண்டிஷன்னு பாத்துட்டு அதுக்குத் தக்க கதவ கழட்டி மாட்டுங்க. கழட்டுனத கராஜ்லயே வச்சுக்கலாம், அடுத்த ரன்னுக்கு ஆகும். இந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான், வண்டிய ஒவ்வொரு கதவா கையால தொட்டு தயார் பண்றது வேற எந்த கார் கேம்லயும் எனக்குக் கிடைக்கல.

மழை_வண்டி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கண்டிஷன் பாத்து மாத்துறது நல்ல ஐடியா. பெட்ரோலும் பேட்டரியும் எப்படி சமாளிக்கிறீங்க? ஹெட்லைட் வைப்பர் ரெண்டும் ஓடுனா பேட்டரி சர்ருனு இறங்குது.

பழைய_ஸ்டீயரிங்:
இறங்கி சாமான் தேடப் போறப்ப கியர பார்க்ல போட்டு இன்ஜின ஆஃப் பண்ணுங்க, லைட்டையும் சேத்து. பார்க் போடலன்னா சரிவுல வண்டி தானா உருண்டு போயிரும், திரும்பி வந்தா காணோம். கேன் ஒண்ணு கொண்டு போனா ரோட்டோரம் கைவிட்டுப் போன கார்ல இருந்து பெட்ரோல் உறிஞ்சிக்கலாம். தூரமா போறதா இருந்தா சைடு ராக்ல ஒரு பக்கம் எக்ஸ்ட்ரா ஃபியூயல் டேங்க், இன்னொரு பக்கம் ஸ்டோரேஜ்.

சேத்துல_சக்கரம்:
டயர யாருமே பேசல, எனக்கு அதுதான் மனசு கேக்கல. சம்மர் டயர் தார் ரோட்டுக்கு அருமை, காட்டுக்குள்ள இறங்குனா வழுக்கும். கேட்வே திறக்கத் தேவையான எனர்ஜி தர்ற ஆங்கர எடுக்க எப்படியும் ரோட்ட விட்டு இறங்கித்தான் ஆகணும், அதனால ஆஃப் ரோடு டயர் சீக்கிரமே போட்டுருங்க. பிடிமானம் இருந்தா மரத்துல மோதுறது குறையும், மோதல் குறைஞ்சா பேனல் செலவும் குறையும். ஆங்கர் எடுக்க எடுக்க அந்த இடமே கெட்டுப் போகும், அதனால சாமான் அள்ளுற வேலைய முடிச்சுட்டு கடைசியா ஆங்கர் பக்கம் போங்க.

மழை_வண்டி:
சரி, முதல்ல சைடு ராக், அப்புறம் டயர், மிச்சத்துக்கு இன்சுலேட்டட் கதவு. இன்னைக்கு நைட்டு கிளம்புறேன்.

நாலு_கதவு:
கிளம்புறதுக்கு முன்னாடி கராஜ்ல இருக்கிற டிங்கர் ஸ்டேஷன்ல க்விர்க் (வண்டிக்குத் தானா வர்ற விசித்திரமான கோளாறு) ஏதாச்சும் இருக்கான்னு பாத்துருங்க. கதவ மூடுனா ஹாரன் அடிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தாலும் பரவால்ல, லைட் அணையுற மாதிரி இருந்தா ராத்திரில ரொம்பக் கஷ்டம்.