கேரவன் சுவர் உப்பியிருக்கிறது, முகப்பு கழன்றிருக்கிறது: எபாக்சியா, பாலியூரிதீனா?

வழிப்போக்கன்:
பழைய கேரவன் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் பிரச்சினை. ஜன்னலுக்குக் கீழே வெளிப்புற ஃபைபர் ஷீட், உள்ளே இருக்கும் மெல்லிய பிளைவுட்டை விட்டுப் பிரிந்து உப்பியிருக்கிறது. பிளைவுட்டுக்குப் பின்னால் தெர்மாகோல். அப்புறம், முன்பக்கத்து ஏபிஎஸ் பிளாஸ்டிக் முகப்பு, அலுமினியச் சட்டத்திலிருந்து விளிம்பு நெடுகக் கழன்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரே பசை போதுமா?

பட்டறைவாசி:
போதும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசை வாங்குங்கள். நன்றாக உரசி, துடைத்து, கலந்து பூசி, இறுக்கிப் பிடித்து வையுங்கள். டியூப்பில் வரும் பாலியூரிதீன் பசை காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரிதான் இருக்கும். பிடிமான வலிமையில் எபாக்சியின் கிட்டே அது வராது.

நெடுஞ்சாலை:
முகப்புக்கு எபாக்சி கூடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.023 மி.மீ. நீளும். ஏபிஎஸ் சுமார் 0.08 மி.மீ. வண்டியின் அகலம் 2 மீட்டர், இரவுக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். அலுமினியம் 2 மி.மீ.க்கும் குறைவாக நீளும்போது பிளாஸ்டிக் 6 மி.மீ.க்கு மேல் நீளும். இடையில் இருக்கும் எபாக்சி நெகிழாது. ஒன்று அது விட்டுப் போகும், இல்லையென்றால் பிளாஸ்டிக்கே விரியும். பாலியூரிதீனை 3 மி.மீ. தடிமனில் வைத்தால் இந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். கார்களின் முன்கண்ணாடியைப் பிடித்திருப்பதும் பாலியூரிதீன்தான். சுவருக்கும் அதையே போடலாம்.

பட்டறைவாசி:
படகு கட்டுகிறவர்கள் எபாக்சியைத்தான் நம்புகிறார்கள். அலையில் அடிபடாத படகு உண்டா? கடினமான பசை என்றாலே உடையும் என்று சொல்வது சரியில்லை.

கடற்காற்று:
நான் படகு வேலை செய்பவன். படகில் மரமும் ஃபைபரும் எபாக்சியில் ஊறி ஒரே உடம்பாக ஆகிவிடுகின்றன. வெயிலில் வெவ்வேறு அளவு நீளும் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் நீளமாக எபாக்சியால் ஒட்ட நான் துணிய மாட்டேன். முகப்பு விஷயத்தில் நான் நெடுஞ்சாலையின் பக்கம்.

ஆனால் சுவருக்குப் பாலியூரிதீன் வேண்டாம். டியூப்பில் வரும் பாலியூரிதீன் காற்றின் ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. வெளியே இருக்கும் விளிம்பிலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. அளவுதான் இறுகும். அகலமான ஃபைபர் ஷீட்டுக்கு அடியில், நடுப்பகுதிக்குக் காற்று எப்படிப் போகும்? வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். பிளைவுட் ஈரமாக இருந்தால் இன்னொரு தொல்லை: தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயு உண்டாகி, பசை நுரைத்து ஷீட்டை மறுபடி வெளியே தள்ளும். எபாக்சிக்குக் காற்று தேவையில்லை, கலந்தாலே இறுகும். சுவரில் ஷீட்டும் பிளைவுட்டும் அடுக்காக, முழுப் பரப்பும் ஒட்டி நிற்க வேண்டியவை. அங்கே விறைப்புதான் நல்லது.

நெடுஞ்சாலை:
காற்று போகாது என்பது நியாயமான வாதம். ஆனால் ஈரப் பிளைவுட்டில் எபாக்சியும் நிற்காது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதை யாருமே கேட்கவில்லை. உப்பல் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்றால் ஜன்னல் சட்டத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, புது பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மாட்டாமல் எந்தப் பசையைப் போட்டும் பயனில்லை.

வழிப்போக்கன்:
ஜன்னலைச் சுற்றி முன்பு யாரோ சிலிகோன் அடித்திருக்கிறார்கள். அதன் மேலேயே புதிதாகப் பூசலாமா?

கடற்காற்று:
வேண்டவே வேண்டாம். இறுகிய சிலிகோன்மேல் பெயிண்ட்டோ வேறு பசையோ பிடிக்காது. பிளேடால் வழித்து, மிச்சத்தை உரசி எடுங்கள். மெல்லிய படலம் இருந்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது.

சுவருக்கு மெதுவாக இறுகும், தண்ணீராக ஓடும் எபாக்சி எடுங்கள். பிளைவுட் முழுக்க உலர்ந்த பிறகு ஷீட்டில் சிறு துளைகள் போட்டு, சிரிஞ்சால் செலுத்தி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே தட்டையான பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். பிளைவுட் உளுத்துப்போய் விரலுக்கு உதிர்ந்தால் சிரிஞ்சால் செலுத்துவது உதவாது, வெட்டி மாற்ற வேண்டும். ஃபைபர் வேலைக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினை மட்டும் உள்ளே விடாதீர்கள், அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

பட்டறைவாசி:
சுவருக்கு எபாக்சி என்று நான் முதலிலேயே சொன்னேன். முகப்பைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பாலியூரிதீன் எல்லா பிளாஸ்டிக்கிலும் நேராகப் பிடிப்பதில்லை, பிரைமர் (பசைக்கு முன் பூசும் அடிப்பூச்சு) கேட்கும். அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது ஆபத்து.

நெடுஞ்சாலை:
உண்மை, டியூப் தயாரிப்பாளர் ஏபிஎஸ்-க்குச் சொல்லும் பிரைமரைப் போட வேண்டும். அது தொல்லை என்றால் எம்எஸ் பாலிமர் என்ற இன்னொரு வகைப் பசை இருக்கிறது. அதுவும் நெகிழும், பல பரப்புகளில் பிரைமர் இல்லாமலே பிடிக்கும். எதுவானாலும் முதலில் ஒரு மூலையில் சிறிது ஒட்டி, இறுகிய பின் பிய்த்துப் பாருங்கள். ஆல்கஹாலால் துடைத்தால் முழுக்க ஆவியாகும்வரை பொறுங்கள். இறுகாத பாலியூரிதீனில் ஆல்கஹால் பட்டால் அது சரியாக இறுகாது. கிளாம்பை ஒரேயடியாக முறுக்கிப் பசையைப் பிதுக்கிவிடாதீர்கள். 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை இடையிடையே வைத்தால் தடிமன் நிற்கும்.

வழிப்போக்கன்:
சரி. முதலில் ஜன்னலைக் கழற்றுகிறேன். பிளைவுட்டின் நிலையைப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.