மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னும் எத்தனை குதிரை வேண்டும்?

கல்லடிப்பாலத்தான்

போன ஞாயிறு கல்லடிக் கடற்கரையில் தொடங்கிய வாய்த்தர்க்கம் வீடு வந்தும் ஓயவில்லை. இங்கே கொண்டுவந்து போட்டால் என் மச்சானுக்குக் கொஞ்சம் புத்தி வரும் என்று பார்க்கிறேன். அல்லது எனக்கு வரட்டும்.

மச்சானின் கட்சி இது: டொயோட்டா 86, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்பதே ஏமாற்று. முந்நூறு குதிரைவலு இல்லாவிட்டால் அந்தப் பெயரை வைக்கக்கூடாது. கம்பனிக்காரர் வேண்டுமென்றே வலுவைக் குறைத்து வைக்கிறார்கள்.

என் கட்சி: இந்த வகைக் காருக்கு இருக்கிற வலுவே தாராளம். வலு கூடினால் ரயர் அகலும், பிரேக் பெருக்கும், கூலிங்குக்கு ரேடியேட்டர் பெருக்கும், எடை ஏறும். எல்லாம் ஏறி முடிய விலையும் ஏறிவிடும். பிறகு "மலிவான" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டியதுதான்.

என்னிடம் இருப்பது பழைய சுவிஃப்ட் ஸ்போர்ட். 1.6 லீட்டர், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) இல்லை, 125 குதிரை, எடை சுமார் 1,060 கிலோ. செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் போகும்போது இரண்டாம் கியரை முழுதாக இழுத்தாலே சட்டம் விட்ட 70 தாண்டிவிடுகிறது. இருக்கிற வலுவை முழுதாகப் பாவிக்கவே நமது றோட்டில் இடமில்லை. முந்நூறை வைத்து என்ன செய்வது, படம் எடுத்துப் போடுவதா?

கல்முனை டர்போ

நான் மச்சான் பக்கம். அவரை இங்கே கூட்டி வாருங்கள்.

அண்ணன், நீங்கள் மகாஓயா வரைதான் போகிறீர்கள். நான் மாதம் இரண்டு தரம் கொழும்பு போகிறேன். பொலன்னறுவை தாண்டி ஹபரணை வரை நெல் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து பார்த்திருக்கிறீர்களா? போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம், அவ்வளவுதான் றோட்டு. லொறியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் எத்தனை செக்கன் நிற்கிறேன் என்பதுதான் என் உயிருக்குக் கணக்கு. ஐந்து செக்கனை மூன்றாக்குவது வலுதான். வலு என்றால் பறப்பதற்கு மட்டும் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறீர்கள்?

என்னுடையது சிவிக் 1.0 டர்போ. 129 குதிரை, 1,300 கிலோவுக்குக் கிட்ட. பெயரில் டர்போ இருக்கிறது என்று சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி கராஜ்

இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் செய்கிறீர்கள். குதிரைவலுவைத் தனியாக எடுத்துப் பேசுகிறீர்கள்.

குதிரைவலு ஒரு கணக்கு. முறுக்குவிசையை, அதாவது எஞ்சின் திருகும் விசையை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணால் பெருக்கி ஏறத்தாழ 7,000 ஆல் வகுத்தால் வருவது. 200 நியூட்டன் மீற்றர் விசை 7,000 சுற்றில் கிடைத்தால் 200 குதிரை. அதே விசை 3,500 சுற்றில் கிடைத்தால் 100 குதிரை. ஷோரூம் தாளில் எழுதுவது உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு எண்ணைத்தான். லொறிக்குப் பின்னால் நீங்கள் 2,500 சுற்றில் ஊர்கிறபோது அந்த எண் உங்களோடு இல்லை. அது மேலே எங்கேயோ நிற்கிறது, நீங்கள் கியரைக் குறைத்து ஏறிப்போய் எடுக்க வேண்டும்.

2012 இல் வந்த 86 ஐ எடுப்போம். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது, இரண்டு கம்பனிப் பெயரிலும் வந்தது. 2.0 லீட்டர், 200 குதிரை, 205 நியூட்டன் மீற்றர். அதில் ஏறத்தாழ 3,500 தொடங்கி 4,500 வரை விசையில் ஒரு பள்ளம் இருந்தது. ஒருவர் பிரேக் பாட் மாற்றக் கொண்டுவந்தார், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கல்லாறு வரை போய்வந்தேன். (பிரேக் பாட்டுக்குக் கல்லாறு வரை போகத் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.) அந்தப் பள்ளத்தில் கார் மூச்சு வாங்குவது காலிலேயே தெரிந்தது. சனம் "வலு காணாது" என்று கத்தியது உண்மையில் அதைத்தான். உச்சத்தில் குறை இல்லை, நடுவில்தான் குறை.

இன்னொன்று. அந்தக் காரின் பிரதம பொறியியலாளர் டெட்சுயா டாடா. டாடா என்றதும் லொறியை நினைக்க வேண்டாம், இவர் ஜப்பான்காரர். டர்போ போடு என்று எத்தனையோ பேர் கேட்டும் அவர் போடவில்லை. பிரியஸுக்குப் போட்ட அதே வகை மிஷலின் ரயரையே இதற்கும் போட்டார்கள். பிடிப்புக் குறைந்த ரயர் போட்டால் வேகம் குறைவாக இருக்கும்போதே கார் வாலை ஆட்டும், ஓட்டுபவனுக்கு வேலை கிடைக்கும். நாலு காசு மிச்சம் பிடிக்கச் செய்தது என்று சிரித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

கல்முனை டர்போ

கராஜ் அண்ணன், முழுப் பாடமும் எடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். அடுத்த தலைமுறை ஜிஆர்86 இல் என்ன செய்தார்கள்? எஞ்சினை 2.4 லீட்டராக்கினார்கள். ஜப்பானில் 200 குதிரை 235 ஆனது. போதும் போதும் என்று பத்து வருடம் சொன்னவர்களே கூட்டித்தானே விட்டார்கள்? எம்எக்ஸ்-5 காரர் மட்டும்தான் முப்பது வருடமாக ஒரே வலுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

களுவாஞ்சிக்குடி கராஜ்

கூட்டினார்கள், சரி. ஆனால் எங்கே கூட்டினார்கள் என்று பாருங்கள். விசை 250 நியூட்டன் மீற்றர், அதுவும் 3,700 சுற்றிலேயே. பழையதில் உச்ச விசைக்கு 6,400 வரை போக வேண்டும். பள்ளத்தை மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். 35 குதிரை அதோடு சேர்ந்து வந்த பரிசு. அப்போதும் டர்போ இல்லை.

கொழும்பில் மட்டுநகரான்

எம்எக்ஸ்-5 பற்றிச் சொன்னது பிழை தம்பி. 1989 இல் வந்தபோது 1.6 லீட்டர், 115 குதிரை அளவில். 2019 இல் அமெரிக்காவுக்குப் போன 2.0 லீட்டரில் 181. அதற்கு முந்தைய வருடம் அதே எஞ்சின் 155 தான். பிஸ்டனையும் கனெக்டிங் ரொட்டையும் இலேசாக்கி, 6,800 இல் நின்ற சுற்றை 7,500 வரை விட்டார்கள். டர்போ இல்லை, பெரிய எஞ்சினும் இல்லை. அப்படிக் கூட்டுவதற்கு நான் எதிரி இல்லை.

ஆனால் எனக்கு அந்தக் காரில் பிடித்த எண் வேறு. 2015 இல் ஜப்பானில் விற்ற 1.5 லீட்டர் அடிப்படை மாடல் 990 கிலோ, 131 குதிரை. எயார்பேக், மோதல் பரிசோதனை, ஏசி எல்லாம் சேர்ந்த பிறகும் ஆயிரத்துக்குள் நிற்கிறது. 1989 காரில் இவற்றில் பாதி கிடையாது. வலுவைக் கூட்ட எந்தக் கம்பனிக்கும் தெரியும். இருநூறு கிலோ ஏற வேண்டிய இடத்தில் ஐம்பதோடு நிறுத்துவதற்குத்தான் மண்டை வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். மின்சாரக் கார் வந்த பிறகு இந்தச் சண்டைக்கே அர்த்தம் குறைந்துவிட்டது. 2023 இல் வந்த எம்ஜி4 எக்ஸ்பவர், பார்த்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் கார், 435 குதிரை. நூறைத் தொட 3.8 செக்கன். அந்தக் காலத்து ஃபெராரிகள் வெட்கப்பட வேண்டும். எடை மட்டும் 1,800 கிலோ அளவில். குதிரை இன்று மலிந்து போன சாமான் மச்சான், சந்தையில் வெங்காயம் மாதிரி. மலிந்து போன சாமானைத் துரத்தி ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் யாரை வெல்லப் போகிறது?

பொத்துவில் காற்று

ஒருவரும் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை.

லகுகல வழியாக இரவில் வந்து பாருங்கள். வளைவு முடிய யானை நிற்கும். 70 இல் வருபவன் நிறுத்த எடுக்கும் தூரத்தைப் போல 100 இல் வருபவனுக்கு இரண்டு மடங்கு தேவை, வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. யானைக்கு உங்கள் முறுக்குவிசை விளங்காது.

கல்முனை டர்போ

நானா, பிரேக் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

ஆரையம்பதி டீச்சர்

மூன்று நாளாக வாசிக்கிறேன். "மலிவான" என்று தலைப்பில் போட்டுவிட்டு ஒருவரும் விலை பேசவில்லை.

நமது நாட்டில் பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி சீசீயை, அதாவது எஞ்சினின் கொள்ளளவை, பார்த்து விழுகிறது. கல்முனைத் தம்பியின் சிவிக் இந்த ஊரில் இத்தனை ஓடுவது அதன் அழகுக்காக இல்லை, ஆயிரம் சீசீக்குள் நிற்பதால். 2020 இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இதில் 2.4 லீட்டர் ஜிஆர்86 வந்து இறங்கினால் அதை மலிவான கார் என்று கூப்பிட எவருக்கு வாய் வரும்? 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீட்டர் பெற்றோல் வாங்கியதை அதற்குள் மறந்துவிட்டீர்களா? நான் வகன் ஆரில் அந்த 20 லீட்டரை வைத்துப் பள்ளிக்கும் போய், மிச்சத்தில் திருக்கோவிலில் ஒரு கலியாணத்துக்கும் போனேன்.

ஆனால் எனக்கும் ஆசை உண்டு. ஹொண்டா எஸ்660. 660 சீசீ, இரண்டு இருக்கை, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். ஜப்பானில் கெய் கார் என்கிற சின்னக் கார் வகைக்கு உச்சம் 64 குதிரை, இதிலும் அதேதான். யாரும் அதைப் பார்த்து ஏமாற்று என்று சொல்லவில்லை.

கல்முனை டர்போ

டீச்சர், எஸ்660 ஐ 2022 இல் நிறுத்திவிட்டார்கள். 64 குதிரைக்கு ஆள் இல்லை.

கொழும்பில் மட்டுநகரான்

புதிய விதிகளுக்கு அதை மாற்றுவது கஷ்டம் என்பதுதான் ஹொண்டா சொன்ன காரணம். நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்ததும் மீதமிருந்தவை சில கிழமைகளில் விற்றுத் தீர்ந்தன. ஆள் இருந்தது.

களுவாஞ்சிக்குடி கராஜ்

வலு வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு கதை. பெயர் வேண்டாம். போன வருடம் ஒருவர் 1.0 டர்போ சிவிக்கைக் கொண்டுபோய் எங்கேயோ கம்பியூட்டரில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மாதம் ராஜா மாதிரி ஓடினார். மறுகா சிவிடி கியர்பொக்ஸ் (தனித்தனிக் கியர் இல்லாத ஓட்டோ) வழுக்கத் தொடங்கியது. திருத்திய செலவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

கல்முனை டர்போ

பெயர் வேண்டாம் என்றால் ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி எழுதக்கூடாது அண்ணன். அது என் கார்தான்.

சரி, வெளியே வந்துவிட்டது, முழுதாகச் சொல்கிறேன். இதுவேதான் என் வாதம். கம்பனி தந்திருந்தால் நான் ஏன் வெளியே போய் ஏற்றுகிறேன்? நான் ஏற்றியது எஞ்சினை மட்டும். கியர்பொக்ஸ் பழையது, கூலிங் பழையது, பிரேக் பழையது. தொழிற்சாலையில் ஏற்றினால் எல்லாம் அளந்து சேர்ந்து வரும், உத்தரவாதமும் வரும். "போதும்" என்று நீங்கள் சொல்வதால் ஆசை அடங்குவதில்லை. அது சந்துக்குள் இருக்கிற கராஜுக்குப் போகிறது. நானாவின் யானைக்கு முன்னால் அரைகுறையாக ஏற்றிய கார் வருவது நல்லதா, கம்பனி ஒழுங்காகச் செய்தது வருவது நல்லதா?

பொத்துவில் காற்று

இது நியாயமான கேள்வி.

கல்லடிப்பாலத்தான்

நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் யோசித்தேன், நேர்ப்பதில் இல்லை.

ஆனால் நீ கேட்கிற கார் ஏற்கெனவே இருக்கிறது. ஜிஆர் யாரிஸ். 2020 இல் வந்தது, 1.6 லீட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, ஜப்பானில் 272 குதிரை. கியர்பொக்ஸ், கூலிங், பிரேக், நாலு சக்கரத்துக்கும் வலு, எல்லாம் நீ சொன்ன மாதிரி அளந்து செய்தது. இந்த எஞ்சினோடு வந்த ஆர்இசட் மாடல் ஜப்பானிலேயே 40 இலட்சம் யென்னுக்குக் கிட்ட. ஜிஆர்86 அங்கே 28 இலட்சத்துக்குக் கிட்டத் தொடங்கியது, 2015 எம்எக்ஸ்-5 25 இலட்சத்துக்கு. நீ கேட்கிற ஒழுங்கான வலுவுக்கு ஜிஆர்86 ஐ விட 12 இலட்சம் யென் கூட. அதைக் கொடுப்பவர் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. 25 இலட்சத்துக் காரையும் அங்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அது போனால் கீழே நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

எண்ணைப் பார்த்து ஓடியதன் கதையும் இருக்கிறது. ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் பேசி 280 குதிரைக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டன, 2004 வரை. அந்தக் காலத்தில் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் தாளில் 280. உள்ளே இருந்தது வேறு. தாளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

கல்முனை டர்போ

தாளுக்கு மரியாதை இல்லை என்றால் 990 கிலோவும் தாள்தானே?

கொழும்பில் மட்டுநகரான்

அதைத் தராசில் ஏற்றிப் பார்க்கலாம்.

கல்முனை டர்போ

சரி, எழுதி முடியாது. வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு செங்கலடிச் சந்தி. சுவிஃப்டும் சிவிக்கும். 70 ஐத் தாண்டுவதில்லை, நானாவுக்காக. மூன்றாம் கியரில் 40 இலிருந்து 70 வரை, யார் முதலில் என்று பார்ப்போம். டீச்சர் நேரம் பிடிக்கட்டும்.

ஆரையம்பதி டீச்சர்

வருவேன். ஆனால் நான் வகன் ஆரில்தான் வருவேன், ஆறரை ஆகும்.

களுவாஞ்சிக்குடி கராஜ்

தம்பி, சிவிடிக்கு ஏது மூன்றாம் கியர்?

கல்முனை டர்போ

ஸ்டியரிங்கில் பட்டன் இருக்கிறது அண்ணன். அழுத்தினால் ஏழு கியர் இருக்கிற மாதிரி நடிக்கும்.

களுவாஞ்சிக்குடி கராஜ்

அந்தக் கியர்பொக்ஸ் இப்போதுதான் திருத்தியது. ஞாயிறு கராஜ் பூட்டு, பிறகு எனக்குக் கோல் எடுக்க வேண்டாம்.