சாரல் மாசத்துல மனசு மந்தமாவே இருக்கு, தினமும் என்ன செய்யலாம்?

செங்கோட்டைச் சாரல் (கேள்வி):

ஆனி, ஆடி ரெண்டு மாசமும் எங்க ஊர்ல வெயில் முகமே தெரியாது. குற்றாலத்துக்கு வர்றவங்களுக்கு அது கொண்டாட்டம். வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவங்களுக்கு காலைல எந்திரிக்கவே மனசு வராது. சோர்வு, எரிச்சல், எதுலயும் ஒட்டாத மாதிரி. வேலையெல்லாம் நடக்கு, ஆனா உப்புச்சப்பில்லாம நடக்கு.

யூட்யூப்ல பாத்தா 4 மணிக்கு எந்திரி, பச்சைத்தண்ணில குளி, தியானம் பண்ணு, நன்றி எழுதுன்னு பெரிய பட்டியல். இதுல எது நிஜமாவே பலன் தரும்? எத்தனை நிமிஷம், எந்த நேரத்துல? மழையிலயும் செய்யற மாதிரி, செலவில்லாம சொல்லுங்க.

இன்னொண்ணு. தம்பி பிரானூர் பக்கம் பரோட்டா கடைல நிக்கான். கடை சாத்தி வீட்டுக்கு வர ராத்திரி 12:30 ஆயிரும். அவனுக்கு 'அதிகாலைல எந்திரி'ங்கற அறிவுரை எதுவும் ஒத்து வராது. அவனுக்கும் சேத்துச் சொல்லுங்க.

மேக்கரைக்காரன்:

முதல்ல வெளிச்சம். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு.

வீட்டுக்குள்ள டியூப்லைட் போட்டு உக்காந்தா 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) கிடைச்சாலே பெருசு. மேகமூட்டமா இருந்தாலும் வெளிய வந்து நின்னா 1,000 லக்ஸுக்கு மேல, பல நேரம் 10,000ஐயும் தொடும். நம்ம பார்வைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, ஏன்னா கண்மணி விரிஞ்சு சரிக்கட்டிக்கும். உடம்புக்குள்ள தூக்கத்தையும் விழிப்பையும் ஓட்டுற கடிகாரம் அப்படி ஏமாறாது. காலைல போதுமான வெளிச்சம் படலேன்னா அது பின்தங்கும். ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் காலைல நீங்க சொல்ற அதே மந்தம் வந்து உக்காந்துக்கும்.

எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள வெளிய வாங்க. மேகமூட்டம்னா 20 முதல் 30 நிமிஷம், வெயில் எட்டிப்பாத்தா 10 நிமிஷம் போதும். காப்பித் தம்ளரை எடுத்துக்கிட்டே வரலாம். தார்சாவுக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்தா பத்தாது, கூரை பாதி வானத்தை மறைச்சிரும். வாசப்படி வரைக்கும் வந்து, இறவாரத்துக்குக் கீழ, கிழக்கே வானம் கண்ணுல விழற மாதிரி நில்லுங்க. சூரியனை நேரா பாக்க வேண்டாம். நமக்கு மலை மேற்கே இருக்கு, சாரலும் அங்க இருந்துதான் ஏறி வருது. கிழக்கே தென்காசிப் பக்கம் வானம் அகலமாத் திறந்து கிடக்கும். சாயங்காலம் இதுக்கு நேர் எதிர்: சூரியன் மலைக்குப் பின்னால சீக்கிரமே இறங்கிரும். நடக்கப் போறதுன்னா 6 மணி வரை காத்திருக்காம 4:30, 5 மணிக்கே கிளம்பிருங்க.

இதைப் படிச்சிட்டு ஆன்லைன்ல வெளிச்சப்பெட்டி (முன்னால உக்கார்றதுக்கான பிரகாசமான விளக்கு) வாங்கிராதீங்க. குளிர்காலத்துல வர்ற மனச்சோர்வை 1984ல மனநல மருத்துவர் ரோசென்தாலும் கூட இருந்தவங்களும் விவரிச்சு எழுதினாங்க. பகலே 8, 9 மணி நேரமாச் சுருங்கிப்போற நாடுகள்ல அதுக்கு 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால காலைல 30 நிமிஷம் உக்கார வைக்காங்க. நமக்கு ஜூன், ஜூலைல பகல் 12 மணி நேரத்துக்கு மேலயே இருக்கு. வாசலுக்கு வந்தாலே அந்த வெளிச்சம் சும்மா கிடைக்கும்.

காலை 7 மணி வெயில்ல வைட்டமின் டி கிடைக்கும்னு சொல்வாங்க, அதை நம்பாதீங்க. அதுக்கு வேண்டிய புற ஊதா 'பி' கதிர் காலைலயும் சாயங்காலமும் ரொம்பக் குறைவு. சுமார் 10 முதல் 3 மணி வரைதான் கணக்கு, அதையும் ஜன்னல் கண்ணாடி தடுத்திரும். காலை வெளிச்சம் கடிகாரத்துக்கு மட்டும்.

பண்பொழி அக்கா:

மேல சொன்னதை முழுசா ஒத்துக்கறேன். அதோட இதையும் சேத்துக்குங்க. மனசு சரியாகட்டும், பிறகு செய்வோம்னு காத்திருந்தா அந்த நாள் வரவே வராது. செய்ய ஆரம்பிச்சா மனசு பின்னாடியே வரும். 1970கள்ல உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இந்த அடிப்படையில மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறையே வகுத்தார், இன்னைக்கும் அது புழக்கத்துல இருக்கு. வீட்டுல செய்யற மாதிரி சுருக்கிச் சொல்றேன்.

ஒரு சின்ன நோட்டு எடுங்க. ஒரு வாரத்துக்கு, என்ன செஞ்சீங்க, அப்ப மனசு 0 முதல் 10ல எங்க இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. 'காலை 11, போன், 3. சாயங்காலம் 5, குண்டாறு ரோட்டுல நடை, 6. ராத்திரி 8, அத்தைகிட்ட பேச்சு, 7.' இவ்வளவுதான், வியாக்கியானம் வேண்டாம். அன்னன்னைக்கே எழுதணும், ராத்திரி மொத்தமா எழுதினா கடைசியா இருந்த மனநிலை எல்லா எண்ணையும் கெடுத்திரும். வாரக் கடைசில புரட்டிப் பாருங்க. ஓய்வுன்னு நினைச்சு போனோட படுத்துக் கிடந்த நேரம் பெரும்பாலும் அடிமட்டத்துல இருக்கும்.

அடுத்த வாரம், தூக்கிவிட்டதுல இருந்து தினமும் ரெண்டை எடுத்து முன்கூட்டியே குறிச்சு வைங்க. ஒண்ணு, முடிச்சா நிறைவு தர்றது: அலமாரில ஒரே ஒரு தட்டை ஒதுங்க வைக்கிறது, மின்கட்டணம் கட்டுறது மாதிரி. இன்னொண்ணு, உங்களுக்குப் பிடிச்சது. 'நடக்கணும்'னு எழுதி வச்சா நடக்காது. 'மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்தினதும் செருப்பை மாட்டணும்'னு எழுதுங்க. ஏற்கெனவே தவறாம நடக்கற வேலையோட முடிச்சுப் போட்டாத்தான் நிக்கும்.

அளவு முக்கியம். ரொம்ப மோசமான நாள்லயும் முடியற அளவா இருக்கணும், 10 நிமிஷம் போதும். எல்லாருக்கும் கவுந்து போறது இங்கதான்: திங்கக்கிழமை ஆறு பழக்கத்தை ஒண்ணா ஆரம்பிச்சு, வியாழக்கிழமை ஒண்ணு விட்டதும் ஆறையும் விட்டிருவாங்க. 21 நாள்ல பழக்கம் படிஞ்சிரும்ங்கறதுக்கும் ஆதாரம் இல்ல. லண்டன்ல பிலிப்பா லாலியோட குழு 2010ல வெளியிட்ட ஆய்வுல நடுமதிப்பு (பாதிப் பேருக்கு அதுக்குள்ள, பாதிப் பேருக்கு அதுக்கு மேல) 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. ஒரு நாள் விட்டதால பெரிய நட்டம் இல்லைன்னும் அதே ஆய்வுல இருக்கு.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேகம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான வேகம். அடைமழைன்னா மாடிப்படி ஏறி இறங்குங்க. நாற்காலில இருந்து கையை ஊன்றாம 10 தடவை எந்திரிச்சு உக்காருங்க, அப்படி மூணு சுற்று.

வடகரை வாசி:

நன்றி நோட்டைப் பத்தி யாரும் சொல்லல. முறையாச் செஞ்சா அதுல பலன் உண்டு. 2005ல உளவியலாளர் செலிக்மன் குழு சோதிச்ச முறை இது: ஒரு வாரம், தினமும் ராத்திரி, அன்னைக்கு நல்லா நடந்த மூணு விஷயம், ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னு காரணத்தோட. ஜனங்க விட்டுடறது அந்தக் காரணத்தைத்தான். 'குடும்பம், ஆரோக்கியம், கடவுள்'னு தினமும் ஒரே மூணை எழுதினா சீக்கிரமே சடங்காயிரும். 'பக்கத்து வீட்டு அக்கா மாங்கா கொடுத்தாங்க. போன வாரம் அவங்க கேஸ் சிலிண்டரை நான் எடுத்து வச்சேன்'னு எழுதினா அது வேற.

சுகாதார நிலையத்துச் செவிலி:

பழக்கம் எல்லாம் நல்லது, ஆனா ஒரு எல்லை இருக்கு. பெரும்பாலான நேரம் சோகம் அல்லது எதுலயும் நாட்டமின்மை, அதோட தூக்கம், பசி, கவனம் கெடுறது, தன்னைத்தானே மட்டமா நினைக்கிறது, இதெல்லாம் 2 வாரத்துக்கு மேல நீடிச்சா டாக்டரைப் பாருங்க. செத்துட்டாப் பரவாயில்லன்னு நினைப்பு வந்தா 2 வாரம் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே. 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல புனலூர், ஆரியங்காவுல இருக்கறவங்களுக்கும் இதே நம்பர்தான்.

வெறும் சோர்வுன்னாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூணையும் ஒரு தடவை பாத்திருங்க. ரத்தசோகையை மனசுன்னு நினைச்சு இழுத்தடிக்கிற பெண்கள் நிறைய. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுறவங்க நடை, தியானம்னு ஆரம்பிச்சதும் மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது.

மேக்கரைக்காரன்:

தம்பி விஷயத்துக்கு வர்றேன். அவருக்கு எந்திரிக்கிற நேரம் 6 மணியா 9 மணியாங்கறது பிரச்சினை இல்ல, தினமும் ஒரே நேரமா இருக்கணும். 12:30க்கு வந்து 1:30க்குப் படுத்தா, 9 மணிக்கு எந்திரிக்கலாம். லீவு நாள்லயும் ஒரு மணி நேரத்துக்கு மேல மாறக் கூடாது. எந்திரிச்சதும் அதே மாதிரி வெளிய வெளிச்சம்.

கடைல ராத்திரி வரைக்கும் டீ ஓடிக்கிட்டே இருக்கும், அங்கதான் தூக்கம் கெடும். காபீன் பாதியாக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 10 மணிக்குக் குடிச்ச டீ 3 மணிக்கும் பாதி உள்ள இருக்கும். அவருக்குக் கடைசி டீ சாயங்காலம் 6 மணி. அதுக்கு மேல காப்பித்தூள் போடாத சுக்குக்காப்பி குடிக்கட்டும், கட்டன் சாயா வேண்டாம், அதுவும் டீதான். அசதிக்குன்னு மது குடிக்கிற பழக்கம் இருந்தா, அது சீக்கிரம் தூங்க வச்சு பின்ராத்திரில எழுப்பிவிட்டிரும்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய லைட் போடாம சின்ன பல்பு. போன் கட்டிலுக்கு எட்டாத தூரத்துல, அலாரம் அதுலயே அடிக்கட்டும், எந்திரிச்சுப் போய் அணைக்கட்டும். படுத்துச் சுமார் 20 நிமிஷத்துல தூக்கம் வரலேன்னா புரளாம எந்திரிச்சு வேற இடத்துல உக்காந்துட்டு, கண்ணு சொருகும்போது திரும்பி வரணும். கட்டில்ல கிடந்து புரண்டா கட்டிலைக் கண்டாலே முழிப்பு வர்ற மாதிரி பழகிரும். காலைல வீட்டுல மத்தவங்க எந்திரிக்கும்போது வெளிச்சம் படாம இருக்க ஜன்னல்ல கறுப்புத் துணியை ரெண்டா மடிச்சுக் கட்டுங்க. மிக்ஸியை மட்டும் 9 மணிக்குப் பிறகு போடச் சொல்லுங்க.