மூக்குக் குழாயில் உணவு: உறைபனி மாதங்களில் குழாய் அடைப்பு, இரவு இருமல்

ஊட்டி_இல்லம்
வணக்கம். தீராத நோயுள்ள, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பெண், எடை 11 கிலோ. விழுங்க முடியாது, மூக்குக் குழாய் வழியே ஆறு வேளை, வேளைக்கு 150 மில்லி. வலிப்புக்கு ஃபெனிடோயின் சிரப். பனி விழ ஆரம்பித்ததிலிருந்து ராகிக் கஞ்சி குழாயில் அடைக்கிறது. ராத்திரி உணவுக்குப் பிறகு இருமுகிறாள். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி சில நேரம் 90, 91 காட்டுகிறது. வலிப்பும் கூடியிருக்கிறது. அறையில் கரி அடுப்பு வைக்கலாமா என்று சமையல் அக்கா கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_நர்ஸ்
முதலில் அடுப்பு. தூங்கும் அறையில் கரி வேண்டவே வேண்டாம், சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூட. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விரல் கருவியால் அதைப் பிரித்தறிய முடியாது. குழந்தை மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 98 காட்டும். எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டரைக் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி வையுங்கள். வெந்நீர்ப் பை படுக்கையைச் சூடாக்க மட்டும். படுக்க வைக்குமுன் எடுத்துவிட வேண்டும். சுடுகிறது என்று சொல்லத் தெரியாத, நகர முடியாத குழந்தைக்குத் தோல் வெந்தது விடிந்த பிறகுதான் தெரியும்.

இருமலுக்குப் பெரும்பாலும் படுக்க வைக்கும் விதம்தான் காரணம். தலையணையை அடுக்கித் தலையை மட்டும் தூக்கினால் கழுத்து மடங்கும், வயிறு அமுங்கும், கஞ்சி எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குப் போகும். ஆப்பு வடிவ ஃபோம் வாங்கி, இடுப்பிலிருந்தே 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். உணவு முடிந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சளி உறிஞ்சுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் உணவுக்கு முன்பே. பிஸ்டனால் அழுத்தாதீர்கள்: 50 மில்லி சிரிஞ்சின் குழலை மட்டும் மாட்டி வயிற்றுக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் தானாக இறங்கும். 150 மில்லிக்கு 20–30 நிமிடம் ஆக வேண்டும். ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் அன்று இருமல் நிச்சயம்.

ஒவ்வொரு வேளைக்கும் முன் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கருகே பேனாவால் போட்ட குறி நகர்ந்திருக்கக் கூடாது. குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த நீர், அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம்; நுரையீரலில் இருந்தாலும் அதே மாதிரி கேட்கும். நீர் வராவிட்டால் இடப்பக்கம் சாய்த்துக் கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் அந்த வேளை உணவு கிடையாது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடைப்புக்கு வருகிறேன். ஊட்டிக் குளிரில் கஞ்சி பாத்திரத்திலிருந்து சிரிஞ்சுக்கு வருவதற்குள் இறுகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்து குறையும், ஏற்கெனவே 11 கிலோ. அதற்குப் பதில் முளைகட்டிய ராகி மாவு. கஞ்சியைக் காய்ச்சி இறக்கி, கொதி நன்றாக அடங்கியதும் அரை டீஸ்பூன் முளைமாவைக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள்; முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து, கண்ணெதிரே இளகிவிடும். கொதிக்கும்போதே போட்டால் நொதி கெட்டுப்போய்ப் பயன் இருக்காது. இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். முளைமாவைச் சிவக்க வறுக்கக் கூடாது. மலையில் முளை வரக் கூடுதல் நாள் பிடிக்கும். ஈரத்துணியில் பூஞ்சை தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கஞ்சிக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு கொடுங்கள், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு.

உணவுக்கு முன்னும் பின்னும் 10 மில்லி வெதுவெதுப்பான, காய்ச்சி ஆறிய நீரைக் குழாயில் விடுங்கள். அடைத்தால் அதே நீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து மெதுவாக அழுத்தி, இழுத்து, அழுத்த வேண்டும். 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே பிய்ந்துவிடும். கம்பி விடுவது ஆபத்து.

மருந்தாளுநர்_கோத்தகிரி
வலிப்பு கூடியதற்குக் குளிரைச் சொல்லுமுன் சிரப்பைப் பாருங்கள், சிஸ்டர். ஃபெனிடோயின் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் மேல்பாதியில் மருந்து குறைவு, பாட்டில் தீரும் சமயம் அதிகம். கண்மணி ஆடுவது, தள்ளாட்டம், தூக்கம் வருவது அப்போதுதான். குழாய் உணவோடு சேர்ந்தாலும் உடம்பில் ஏறாது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், ரத்தத்தில் அளவு சட்டென்று ஏறலாம். மருத்துவரிடம் சொல்லி, ரத்த அளவு பார்த்தபின் மாற்றுங்கள். மருந்து அட்டையில் மில்லியை மட்டும் எழுதாமல் மில்லிகிராமை எழுதுங்கள். கம்பெனி மாறினால் ஒரு மில்லியில் உள்ள மருந்தின் அளவும் மாறும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். சாவிக்கொத்து திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது கூடாது. 5 நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து, மருத்துவர் எடைக்கு எழுதிக் கொடுத்த அளவில். கூடவே 108.

ஊட்டி_இல்லம்
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். பாட்டிலைக் குலுக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அந்த 90-ஐ எப்படி எடுத்துக்கொள்வது? கோவைக்கு இறங்க வேண்டி வந்தால்?

குன்னூர்_நர்ஸ்
ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கே கீழே இருப்பதைவிட ஓரிரு புள்ளி குறையும். அவள் நன்றாக இருக்கும் நாட்களில் விழித்தும் தூங்கியும் எவ்வளவு என்று குறித்து வையுங்கள், அதுதான் அளவுகோல். கை சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் 90 என்றாலோ, மூச்சு நிமிடத்துக்கு 30 தாண்டினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் கரண்ட் போகும் நேரத்துக்கு பி டைப் சிலிண்டர் வேண்டும்: முழுசாக 1,500 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் 25 மணி நேரம் வரும்.

கோவைக்கு என்றால், மலை இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள்; வளைவுகளில் வாந்தி வந்தால் அவளால் துப்ப முடியாது. வலிப்பு மருந்தை நிறுத்தக் கூடாது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழி. குழந்தைகள் நலக் குழு ஆணையின் நகல், காப்பீட்டு அட்டை, மருந்துப் பட்டியல் மூன்றையும் ஒரே உறையில் கட்டிலிலேயே தொங்கவிடுங்கள். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து என்று கேட்கும்போது அந்த ஆணை கையில் இருக்க வேண்டும்.