பட்டனை அழுத்தினால் நீலத் திரை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஈசூன்காரன்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் தஞ்சாவூர் போயிருந்தோம். கிளம்புகிற அன்று ஃபிரிட்ஜைத் தவிர வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஏர்கான், வாட்டர் ஹீட்டர், டிவி, கடைசியாக மகனுடைய மேஜைக்கு அடியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன். இந்தக் கடைசி சுவிட்சுதான் வில்லன் என்று அப்போது தெரியாது.

திரும்பி வந்து பெட்டிகளைக் கூடத்தில் போட்ட கையோடு மகன் கம்ப்யூட்டரைப் போட்டான். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, லோகோ வந்தது. அப்புறம் நீலத் திரை. அதில் ‘இன்அக்ஸசபிள் பூட் டிவைஸ்’ என்று ஒரு வரி. தானாக ரீஸ்டார்ட் ஆகும், மறுபடியும் அதே நீலம். நாலு தடவை பார்த்துவிட்டு, “அப்பா, ஹார்ட் டிஸ்க் போச்சு” என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

ஏழு வருஷப் பழைய டெஸ்க்டாப். மார்க்கெட் போகிற டிராலியில் துண்டு சுற்றி வைத்து, வட்டாரத்தில் இருக்கும் ஒரு ரிப்பேர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு தடவை ஆன் செய்தார், நீலத்தைப் பார்த்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. “போர்டும் டிஸ்க்கும் மாத்தணும், 420 வெள்ளி. அதுக்குப் புதுசே வாங்கிடலாம் அங்கிள்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று டிராலியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து, எதற்கும் பார்ப்போமே என்று ஆன் செய்தவுடன் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) போனேன். மேல் மூலையில் தேதி 2016 ஜனவரி 1 என்று இருந்தது. நாங்கள் இந்தப் பெட்டியை வாங்கியதே அதற்கு அப்புறம்தான்! கீழே பார்த்தால், டிஸ்க்கின் பெயரும் அளவும் ஒழுங்காக வரிசையில் இருக்கின்றன. அடியோடு செத்துப்போன டிஸ்க் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லாது. அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மதர்போர்டில் ஒரு சின்ன நாணயம் அளவுக்கு வட்டமான பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்குகளையும் காப்பாற்றுவது அதன் வேலை. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பேட்டரி கிழண்டு போனது வருஷக்கணக்கில் நமக்குத் தெரியாது. நான் மூன்று வாரம் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். பேட்டரி தனியாகத் தாக்குப்பிடிக்க முடியாமல் செத்துவிட்டது. செட்டிங் எல்லாம் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விட்டது.

அதில் ஒன்று, டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற சாட்டா மோட். எங்கள் விண்டோஸ் போட்டபோது ஏஎச்சிஐ என்று இருந்தது. போர்டின் சொந்தப் பழக்கம் ரெய்டு என்ற இன்னொரு முறை. இது மாறிவிட்டால் டிஸ்க் நல்லபடியாக இருந்தாலும் விண்டோஸுக்கு அதைத் திறக்கத் தெரியாது. அதைத்தான் நீலத் திரை சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் ‘டிஸ்க் போச்சு’ என்று படித்துவிட்டோம்.

கீழே மினி மார்ட்டில் பேட்டரி இரண்டு வெள்ளிச் சொச்சம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் போவதற்கு), ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினேன். பழைய பேட்டரி வறுத்த கடுகு மாதிரி துள்ளி மேஜைக்கு அடியில் போனது. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வைத்து, தேதியைத் திருத்தி, சாட்டா மோடை மறுபடி ஏஎச்சிஐக்கு மாற்றி, சேமிக்க எஃப்10 தட்டினேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. மகன் கேட்ட முதல் கேள்வி, “அப்போ புது கம்ப்யூட்டர் இல்லையா?”

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் சாட்டா மோடை யாரும் நோண்டாதீர்கள், அப்புறம் நீங்களே நீலத்தை வரவழைத்த மாதிரி ஆகும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

துவாஸ் நைட் ஷிப்ட்

அண்ணே, உங்களிடம் ரிப்பேருக்கே 420 கேட்டிருக்கிறார்கள். என் லேப்டாப்பின் மொத்த விலையே 80 வெள்ளி. சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. அந்தச் சந்தையை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள், அதற்கு முந்தின வருஷம். தரையில் தார்ப்பாய் விரித்து, பழைய வாட்சுக்கும் செருப்புக்கும் நடுவில் இது இருந்தது. விற்றவர் ஆன் செய்து காட்டினார், வாங்கிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு வீடியோவில் பேசலாம் என்று திறந்தால் பவர் லைட் எரிகிறது, திரை கறுப்பு. ரூமில் பன்னிரண்டு பேர் இருந்தோம், பன்னிரண்டு பேரும் டாக்டர். கடைசியில் புதுக்கோட்டைக்கார எலெக்ட்ரீஷியன் ஒருவர் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். பேட்டரியையும் கழற்றச் சொன்னார் (பழைய மாடலில் கழற்ற வரும்). பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடுமாம். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்தால் வந்துவிட்டது. எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது.

ஆனால் மூன்றாவது வாரம் மறுபடியும் கறுப்பு. இந்தத் தடவை வடித்தும் வரவில்லை. அவரே அடிப்பக்கத்து ஸ்குருவைக் கழற்றி, மெமரியை உருவி, அதன் தங்கநிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தார். ரப்பர் கறுப்பாகிவிட்டது! நம் ஊர்ப் புழுக்கத்தில் அப்படிப் படியுமாம். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, சாய்வாக நுழைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். அப்புறம் இரண்டு வருஷம் ஓடியது. முதலில் வடித்ததால் வந்தது என்று நினைத்தேனே, அது தற்செயலோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மெமரி அன்றைக்கே ஆட்டம் கண்டிருக்கும்.

பிடோக் ஆண்ட்டி

என் கதை இரண்டே வரி. கம்ப்யூட்டரில் ஒரு லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை, பிணம் மாதிரி கிடந்தது. மருமகன் புது பவர் சப்ளைக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பிளக்கைக் கழற்றி ரைஸ் குக்கர் பிளக்கில் இருந்த 13 ஆம்ப் ஃபியூஸை எடுத்துப் போட்டேன், வந்துவிட்டது. நம் மூன்று பின் பிளக்குக்கு உள்ளேயே ஃபியூஸ் இருப்பது படித்த பிள்ளைகளுக்கு ஏன் மறந்துபோகிறது? அன்றைக்குச் சோறு மட்டும் அடுப்பில் வடித்தேன்.

ஜூரோங் வெஸ்ட் தம்பி

ஆண்ட்டி, நீங்கள் புண்ணியவதி. நான் பழைய பவர் சப்ளையின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன சிவப்பு சுவிட்சை 230-லிருந்து 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தவன். நம் ஊர் கரண்ட் 230 வோல்ட். பட்டாசுச் சத்தம், புகை, அம்மாவின் அலறல். இதைவிட விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

ஆபீஸ் ஐடி ஆள்

எல்லாருக்கும் ஒரு கம்ப்யூட்டர் எழவில்லை. எனக்கு ஒரே மத்தியானத்தில் அறுபது.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி மத்தியானம் 12:09-க்கு ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் உலகம் முழுக்க இறங்கியது. நான் கோப்பிக்கடையில் மீன் சூப் வாங்கி உட்கார்ந்திருந்தேன். முதல் போன் வந்தபோது “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அக்கா” என்று வைத்துவிட்டேன். ஐந்தாவது போனில் சூப்பை விட்டு எழுந்தேன். மாடிக்குப் போனால் வரிசையாக நீலம், ஒரு மேஜை விடாமல். சாங்கி நான்காம் முனையத்தில் சில விமான நிறுவனங்கள் கையாலேயே செக்-இன் செய்தன. மைக்ரோசாப்ட் பிறகு சொன்ன கணக்கு, உலகத்தில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள்.

தப்பான அப்டேட்டை ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த மெஷின் எழுந்தால்தானே புதியதை வாங்கிக்கொள்ளும்? ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானது மட்டும் ஓடும் நிலை) போய், டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் 291 என்று முடியும் எண்ணோடு தொடங்கும் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். அழிப்பது ஒரு நிமிஷம்தான். அதற்கு முன்னால் பிட்லாக்கர் (டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு) கதவைத் திறக்க 48 இலக்கம் கேட்கும். ஒருவர் சத்தமாகப் படிக்க, நான் அடிக்க, நாற்பதாவது இலக்கத்தில் யாராவது “அண்ணே, என் மெஷின் எப்போ?” என்பார்கள். மறுபடி முதலிலிருந்து. ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடித்தேன்.

வீட்டு லேப்டாப்புக்கும் இது பொருந்தும். புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்த மகானுபாவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செங்காங் அம்மா

எல்லாரும் சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், என்னுடையது அப்படி முடியவில்லை. ஆனாலும் யாருக்காவது உதவும்.

பெரியவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். ஒரு காலை ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. உள்ளேயிருந்து ‘டிக்… டிக்… டிக்’ என்று சத்தம், பல்லி சொல்கிற மாதிரி. நானோ, இந்தத் தடவை வந்துவிடும், அடுத்த தடவை வந்துவிடும் என்று அன்றைக்கு மட்டும் இருபது தடவையாவது பட்டனை அழுத்தியிருப்பேன். யாரோ சொன்னார்கள் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரிலும் வைத்தேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில்.

டேட்டா மீட்கும் இடத்துக்குக் கொழுந்தனார் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், திட்டவில்லை. ஆனால் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இந்தச் சத்தம் வந்த உடனே நிறுத்தியிருந்தால் நிறையக் கிடைத்திருக்கும் அக்கா.” உள்ளே படிக்கிற முனை தகட்டைத் தேடித் தவறும்போது வருவது அந்த ‘டிக்’. சில சமயம் அந்த முனையே தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் இன்னொரு கீறல். ஃபிரீசரில் வைத்தால் ஈரம் வேறு கோத்துக்கொள்ளும். ஆயிரத்துக்கு மேல் செலவழித்து, ஏறக்குறைய பாதிப் படங்கள் வந்தன. முதல் பிறந்தநாள் படங்கள் வந்தன. ஊரில் அப்பா அவளைத் தூக்கி வைத்திருந்த படங்கள் வரவில்லை. அப்பா இப்போது இல்லை.

ஈசூன்காரன்

அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் மகனுடைய ஃபோல்டர்களை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஊரில் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றைக் கேட்டுப் பார்த்தீர்களா? அளவு சின்னதாக இருக்கும், ஆனால் யாராவது ஒருவர் போனில் கிடக்கலாம்.

செங்காங் அம்மா

சித்தியிடம் இரண்டு கிடைத்தது. ஒன்றில் அப்பா சிரிக்கிறார்.

புதுசா சேர்ந்தவன்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இன்று காலையிலிருந்து என் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று மட்டும் வருகிறது. நீலம் இல்லை, டிக் சத்தம் இல்லை, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. பேட்டரி வாங்கப் போகட்டுமா? நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ் ஐடி ஆள்

போகாதீர்கள். முதலில் பயாஸில் தேதி சரியா, டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் பின்பக்கத்தில் என்னென்ன செருகியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

புதுசா சேர்ந்தவன்

தேதி சரி, டிஸ்க் பெயரும் தெரிகிறது. பின்னால் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர். அப்புறம் நேற்று பிரிண்ட் எடுக்க வந்த நண்பனின் பென் டிரைவ்.

பிடுங்கினேன். விண்டோஸ் வந்துவிட்டது.

ஆபீஸ் ஐடி ஆள்

பயாஸில் பூட் வரிசையில் (விண்டோஸை எதில் முதலில் தேடுவது என்ற வரிசை) யூஎஸ்பி முதலில் இருக்கும், அதைக் கீழே இறக்கி டிஸ்க்கை மேலே வையுங்கள். முதலில் அசைன்மென்டை முடியுங்கள் தம்பி, இதை நாளைக்குச் செய்யலாம்.