F = ma சோதனையில் 0.1 கிலோ கூடுதலாக வருகிறது

வணக்கம். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், படிவம் 4 மாணவர்களுக்கான டியூஷன் வகுப்பு. ட்ராலி, கப்பி, 50 ஹெர்ட்ஸ் டிக்கர் டைமர் (ட்ராலி இழுக்கும் காகித டேப்பில் விநாடிக்கு 50 புள்ளி வைக்கும் கருவி). தொங்கும் எடையையும் சேர்த்து மொத்த நிறை சரியாக 1.0 கிலோ.

ட்ராலியிலிருந்து 50 கிராமாக எடுத்துக் கொக்கியில் மாட்டுகிறோம், அதனால் மொத்த நிறை மாறாது. 50 கிராமுக்கு விசை 0.49 நியூட்டன், முடுக்கம் 0.41. 200 கிராமுக்கு 1.96 நியூட்டன், 1.96 வர வேண்டிய முடுக்கம் 1.63தான். விசை-முடுக்கம் வரைபடம் நேர்கோடு, ஆதிப்புள்ளி வழியாகவே போகிறது. சாய்வு மட்டும் 1.2 கிலோ.

உராய்வு இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தால் கோடு ஆதிப்புள்ளியை விட்டு விலகியிருக்கும். டேப்பை மாட்டியபடியே பலகையைச் சாய்த்துச் சரிசெய்தோம், புள்ளிகள் சம இடைவெளியில் விழுந்தன. (டேப் இல்லாமல் சாய்த்தால் அதன் இழுவை கணக்கில் விடுபடும்.) எடைகளை மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் நிறுத்தாயிற்று. நூல் பலகைக்கு இணையாகவே இருக்கிறது.

கப்பி 200 கிராம் திண்ணமான பித்தளை வட்டு. அது சுழல்வதால் பாதி நிறை, அதாவது 0.1 கிலோ, கூடும். மீதி 0.1 கிலோ இடிக்கிறது. ட்ராலியின் நான்கு இரும்புச் சக்கரங்களும் தலா ஏறக்குறைய 50 கிராம். அவற்றின் சுழற்சியே அந்த மீதியைத் தருமா, அல்லது வேறு காரணம் உண்டா?